இரும்பணிந்த நத்தையும் 'வளம்' என்னும் சொல்லும்

2024 டிசம்பரில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், ஏறத்தாழ 4,500 மீட்டர் ஆழத்தில், ஆளில்லாத் தானியங்கி நீர்மூழ்கிக் கலம் ஒன்று செயல்படும் வெந்நீர் ஊற்று ஒன்றைப் படம்பிடித்தது. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவிலுள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையமும் இணைந்து நிகழ்த்திய அந்தப் பணி கொண்டாடப்பட்டது. கொண்டாட்டத்தில் பிழையில்லை. அத்தனை ஆழத்தில், கரடுமுரடான கடல்முகட்டின் மீது ஒரு கலத்தை வழிதவறாமல் செலுத்தி மீட்டு வருவது எளிய செயலன்று. ஆயினும் அதைப் பற்றி வெளிவந்த பெரும்பாலான செய்திகளில் தாமிரம், துத்தநாகம், தங்கம், வெள்ளி ஆகிய நான்கு பெயர்கள் முந்திக்கொண்டன. ஊற்றைச் சுற்றி வாழ்பவை 'அரிய உயிரினங்கள்' என்ற ஒரே தொடருக்குள் அடங்கிப் போயின. உலோகங்களுக்குத் தனிப்பெயர், உயிர்களுக்குத் தொகைப்பெயர்.

இதைச் செய்தியாளர்களின் அவசரம் என்று ஒதுக்கிவிட இயலாது. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைப் பற்றிய சட்டமும், ஒப்பந்தங்களும், அரசுகளின் அறிவிப்புகளும் இதே வரிசையில்தான் அமைந்துள்ளன. முதலில் தாதுவுக்குப் பெயர் சூட்டப்படுகிறது, எல்லை வரையப்படுகிறது, உரிமம் வழங்கப்படுகிறது. அங்கே வாழும் உயிருக்குப் பெயர் பிறகு வருகிறது, சில வேளைகளில் வராமலும் போகிறது. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம். இந்தியாவின் கையில் இப்போது அத்தகைய இரண்டு ஒப்பந்தங்கள் இருப்பதால், அதை மாற்றும் வாய்ப்பும் பொறுப்பும் இந்தியாவுக்கு உண்டு.

வெந்நீர் ஊற்று எவ்வாறு உருவாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புவித்தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடங்களில் கடலடியில் நீண்ட மலைமுகடுகள் அமைகின்றன. அங்குள்ள பாறை வெடிப்புகளுக்குள் கடல்நீர் இறங்கி, அடியிலுள்ள பாறைக்குழம்பின் வெப்பத்தால் 350 முதல் 400 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது. செல்லும் வழியில் இரும்பு, தாமிரம், துத்தநாகம் முதலியவற்றைப் பாறையிலிருந்து கரைத்துக்கொண்டு, ஹைட்ரஜன் சல்பைடு செறிந்த நீராக மேலெழுகிறது. மேலிருந்து அழுத்தும் நீரின் கனத்தால் அந்த வெப்பத்திலும் அது ஆவியாகிவிடுவதில்லை. 2 பாகை அளவில் குளிர்ந்து கிடக்கும் ஆழ்கடல் நீரைத் தொட்டதும், கரைந்திருந்த உலோகங்கள் சல்பைடுத் துகள்களாகப் பிரிகின்றன. அவற்றுள் ஒரு பகுதி கரும்புகை போல் மேலே பரவுகிறது. மற்றொரு பகுதி ஊற்றின் வாயைச் சுற்றிப் படிந்து, நாளடைவில் புகைபோக்கி வடிவில் உயர்கிறது. அந்தப் புகைபோக்கியைத்தான் சுரங்கத் துறை 'பல்லுலோக சல்பைடு' என்கிறது.

அதே நீரிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு நுண்ணுயிரிகளுக்கு உணவின் தொடக்கம். சல்பைடை ஆக்சிஜனுடன் சேர்த்து எரிசக்தி பெற்று, அதைக் கொண்டு கரியமில வாயுவிலிருந்து உடற்பொருளை ஆக்கிக்கொள்ளும் இந்த முறைக்கு வேதிச்சேர்க்கை என்று பெயர். ஆக, தாதுவைப் படிய வைப்பதும் உயிரை ஊட்டுவதும் ஒரே நீரோட்டம். ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை அப்படியே விட்டுவைப்பது பற்றிப் பேசுவோர் இந்த எளிய உண்மையை முதலில் எதிர்கொண்டாக வேண்டும்.

ஊற்றுகளைத் தேடி முதலில் சென்றவர்கள் உயிரைத் தேடிச் செல்லவில்லை. 1977 பிப்ரவரியில் காலாபகசுத் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், 'ஆல்வின்' என்னும் நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் நிலவியலாளரும் வேதியியலாளரும் ஆவர். புவித்தட்டுக் கோட்பாட்டின்படி அங்கே வெந்நீர் கசிய வேண்டும், அதைக் கண்டறிய வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். முன்னதாகக் கடலடியில் இழுத்துச் செல்லப்பட்ட ஒளிப்படக் கருவி, வெப்பநிலை சட்டென உயர்ந்த இடத்தில் மட்டும் வெண்சிப்பிகளின் கூட்டத்தைப் பதிவு செய்திருந்தது. இறங்கிப் பார்த்தபோது சிப்பிகளும் நண்டுகளும், பிறகு ஆளுயரத்தையும் விஞ்சும் குழாய்ப்புழுக்களும் தென்பட்டன. ஆழ்கடல் தரை ஒரு பாலைவனம் என்று பாடம் படித்தவர்கள் அவர்கள். உயிரியலாளர் ஒருவர்கூடக் கப்பலில் இல்லை. பிடித்த உயிரினங்களைப் பதப்படுத்தப் போதிய திரவமும் இல்லை. பனாமாவில் வாங்கி வைத்திருந்த ரஷ்ய வோட்காவில் சிலவற்றை ஊறப்போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தனர் என்பது அத்துறையில் இன்றும் சிரிப்புடன் சொல்லப்படும் செய்தி. அறிவியல் வரலாற்றில் இதைவிடப் பொருத்தமான மதுச்செலவு வேறு இருந்திருக்க முடியாது.

குழாய்ப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அது எப்படி உண்கிறது என்ற புதிரை அவிழ்த்ததில் ஓர் ஆராய்ச்சி மாணவியின் பங்கு பெரிது. 1980இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த மெரிடித் ஜோன்ஸ் அந்தப் புழுவின் உடற்கூறு பற்றி உரையாற்றினார். புழுவின் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் காணப்படுகின்றன என்று அவர் சொன்னவுடன், கேட்டுக்கொண்டிருந்த கொலீன் கேவனா எழுந்து, கந்தகத்தை எரிசக்தியாக மாற்றும் பாக்டீரியாக்கள் புழுவுக்குள் குடியிருக்க வேண்டும் என்றார். அப்போது அவர் முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கியிருந்த மாணவி. ஜோன்ஸ் அனுப்பிய திசுக்களை ஆராய்ந்து, அடுத்த ஆண்டே 'சயன்ஸ்' இதழில் அதற்கான சான்றுகளை அவர் வெளியிட்டார். கருத்தரங்குகளில் கைதூக்கத் தயங்கும் மாணவர்களிடம் இந்நிகழ்ச்சியை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இவ்விடத்தில் பரவலான ஒரு தவறையும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'சூரியனே தேவைப்படாத உயிருலகம்' என்று இந்த ஊற்றுகளை வருணிப்பது பாடநூல்களிலும் ஆவணப் படங்களிலும் வழக்கமாகிவிட்டது. குழாய்ப்புழுவின் உள்ளிருக்கும் பாக்டீரியாக்கள் சல்பைடை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜன் மேற்பரப்பில், சூரிய ஒளியில், ஒளிச்சேர்க்கையால் பிறந்து ஆழத்துக்கு வந்தது. மீத்தேனை உருவாக்கும் சில நுண்ணுயிரிகள் போன்றவை ஆக்சிஜனின்றியே வாழ்கின்றன என்பது வேறு. கண்ணுக்குத் தெரியும் விலங்குகளைப் பொறுத்தவரை, இந்த ஊற்றுகள் கடலின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்ட வேற்றுக்கிரகங்கள் அல்ல. இத்திருத்தம் வெறும் நுணுக்கவாதமன்று. வேற்றுக்கிரகம் என்று பெயரிட்டுவிட்டால், அங்கே நடப்பதற்கும் இங்கே இருப்பவர்களுக்கும் தொடர்பில்லை என்ற எண்ணமும் அந்தப் பெயரோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. வியப்பூட்டும் சொல் சில வேளைகளில் விலக்கி வைக்கும் சொல்லாகவும் ஆகிவிடுகிறது.

காலாபகசின் குழாய்ப்புழு இந்தியப் பெருங்கடலில் இல்லை. ஒவ்வொரு பெருங்கடலின் ஊற்றுகளுக்கும் தனித்த குடிகள் உண்டு. இந்தியப் பெருங்கடலின் குடிகளுள் தனிச்சிறப்புடையது ஒரு நத்தை.

ரோட்ரிக்ஸ் தீவுக்குத் தென்கிழக்கே, மூன்று புவித்தட்டுகள் சந்திக்கும் முனைக்கு அருகில், கைரெய் என்னும் ஊற்றுக்களத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். ஆழம் ஏறத்தாழ 2,400 மீட்டர். மறு ஆண்டு அங்கே சென்ற அமெரிக்க ஆய்வுக் குழு, காலடி முழுவதும் கருஞ்செதில்களால் போர்த்தப்பட்ட ஒரு நத்தையைக் கண்டது. ஓடு 4 சென்டிமீட்டர் சுற்றளவில்தான் பெரிதாக வளரும் என்று எண்ணிவிட வேண்டாம். அது விட்டத்தின் அளவு. சிறிய எலுமிச்சம்பழம் அளவிலான அந்த உயிரின் செதில்களின் மீதும் ஓட்டின் வெளியடுக்கிலும் இரும்பு சல்பைடு படிந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி காந்தத்தன்மை கொண்ட கிரெய்கைட் என்னும் கனிமம். உயிருள்ள விலங்கு ஒன்று இரும்பு சல்பைடைத் தன் உடற்கட்டமைப்பில் அணிந்திருப்பதற்கு வேறு எடுத்துக்காட்டு அதுவரை அறியப்படவில்லை.

தொடக்கத்தில் இது போர்க்கவசமாகவே வருணிக்கப்பட்டது. நத்தையைத் தாக்கும் பிற உயிர்களிடமிருந்து காக்கும் இரும்புச் சட்டை என்ற விளக்கம் கவர்ச்சியானது. பாதுகாப்புத் துறைக்கான பொருள்களை வடிவமைப்போரும் அதில் ஆர்வம் காட்டினர். பின்வந்த ஆய்வு கதையை மாற்றியது. 2009இல் கண்டறியப்பட்ட சொலிடேர் என்னும் மற்றொரு களத்தில் அதே இன நத்தை வெண்ணிறமாக, இரும்பின்றியே வாழ்கிறது. அங்குள்ள ஊற்றுநீரில் இரும்பு மிகக் குறைவு. 2019இல் வெளியான ஆய்வின்படி, நத்தையின் செதில்களுக்குள் நுண்ணிய கால்வாய்கள் உள்ளன; அவற்றின் வழியே உடலிலிருந்து வெளிவரும் கந்தகம், வெளிநீரிலிருந்து உட்புகும் இரும்புடன் சேர்ந்து இரும்பு சல்பைடாகிறது. உடலுக்குள் தேங்கினால் நஞ்சாகும் கந்தகத்தை வெளியேற்றும் வழியின் எச்சமாகவே அந்தக் கவசம் இருக்கக்கூடும். இதன் உணவுக்குழாய்ச் சுரப்பி பெரிதாக வளர்ந்து, பாக்டீரியாக்களின் குடியிருப்பாக மாறியிருக்கிறது. அவற்றுக்கு ஆக்சிஜன் கொண்டுசெல்ல, உடற்பருமனில் 4 விழுக்காடு அளவுக்குப் பெருத்த இதயம் உழைக்கிறது. மனித உடலில் இதயத்தின் பங்கு அதில் பாதியும் இல்லை.

தாது எங்கே முடிகிறது, விலங்கு எங்கே தொடங்குகிறது என்று இந்த நத்தையைக் கேட்டால் விடை கிடைக்காது. ஊற்றுநீரிலிருந்து புகைபோக்கியில் படியும் அதே இரும்பு சல்பைடு, அதே ஊற்றுநீரால் அதன் காலிலும் படிகிறது. 'வளம்' என்றும் 'சுற்றுச்சூழல்' என்றும் இரு பத்திகளாகப் பிரித்து எழுதப்பட்ட ஆவணங்கள் இந்த ஓர் உயிரின் முன்னால் தடுமாறுகின்றன.

இனி ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது பயனுடையது. நத்தை கண்டறியப்பட்டது 2001இல். அதைப் பற்றிய முதல் விரிவான அறிவியல் அறிக்கை 2003இல் வந்தது. அந்நத்தை வாழும் மற்றொரு களமான லோங்சி, சீன ஆய்வாளர்களால் 2007இல் கண்டறியப்பட்டது. அக்களம் அமைந்த தென்மேற்கு இந்திய முகட்டுப் பகுதியில் சல்பைடு ஆய்வுக்கான ஒப்பந்தத்தைச் சீனா 2011இல் பெற்றது. கைரெய் களத்தை உள்ளடக்கிய பகுதிக்கான ஒப்பந்தம் 2015இல் ஜெர்மனிக்குக் கிடைத்தது. நத்தைக்கு 'கிரிசோமல்லான் ஸ்குவாமிஃபெரம்' என்ற முறையான அறிவியற்பெயரும் விளக்கமும் வெளியானதும் 2015இல்தான். கண்டறிந்து 14 ஆண்டுகள் அது வெறும் 'செதிற்கால் நத்தை'. லோங்சியின் தாதுவுக்கு உரிமம் கிடைத்தபோது, அங்கே வாழ்ந்த நத்தை அறிவியல் முறைப்படி பெயரற்றது.

பெயர் என்பது இங்கே அலங்காரமன்று. முறைப்படி விளக்கப்படாத ஓர் இனத்தைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் சேர்ப்பது நடைமுறையில் அரிது. பெயர் கிடைத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2019 ஜூலையில், இந்நத்தை 'அருகி வரும் இனம்' என்று பட்டியலில் ஏறியது. ஆழ்கடல் சுரங்கத்தின் அச்சுறுத்தல் காரணமாக அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் உயிரினம் இதுவே. அப்போது அறியப்பட்டிருந்த மூன்று களங்களிலும் சேர்த்து அதன் வாழிடத்தின் பரப்பு ஏறத்தாழ 0.02 சதுர கிலோமீட்டர், அதாவது 5 ஏக்கர். பின்னர் இன்னும் சில களங்களிலும் அது காணப்பட்டிருக்கிறது. எனினும் அளவின் வரிசை மாறிவிடவில்லை. 2021இல் உலகெங்குமுள்ள வெந்நீர் ஊற்றுகளின் மெல்லுடலிகளுள் 184 இனங்கள் மதிப்பிடப்பட்டபோது, 62 விழுக்காடு அழியும் ஆபத்துள்ளவையாக வகைப்படுத்தப்பட்டன. இந்தியப் பெருங்கடலில் மதிப்பிடப்பட்டவை அனைத்துமே அவ்வகையில் அடங்கின. இந்த ஆபத்து, ஏற்கெனவே நிகழ்ந்த அழிவைக் கணக்கிட்டுச் சொல்லப்பட்டதன்று. சிறிய வாழிடமும் அதன்மீது விழுந்துள்ள உரிம எல்லைகளும் சேர்ந்து தரும் கணக்கு அது.

மொழியைப் பயில்வோருக்கு இந்த விவாதத்தின் சொற்கள் தனியே கவனிக்கத்தக்கவை. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கை, எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடலடியை 'மனிதகுலத்தின் பொது மரபுரிமை' என்கிறது. பெருந்தன்மையான தொடர். ஆனால் அப்பகுதியின் 'வளங்கள்' எவை என்று வரையறுக்கும் பிரிவு கனிமங்களை மட்டுமே குறிக்கிறது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஊற்றுகளின் உயிருலகம் கண்டறியப்பட்டுவிட்டது. அது வரையறைக்குள் நுழையவில்லை. உயிர்கள் சட்டத்தில் இல்லாமலில்லை. கேட்டிலிருந்து காக்கப்பட வேண்டிய 'சுற்றுச்சூழல்' என்ற தலைப்பின் கீழ் அவை வருகின்றன. மரபுரிமையின் பொருளாகக் கனிமம், பக்கவிளைவின் பொருளாக உயிர் என்னும் இலக்கணம் அங்கேயே அமைந்துவிட்டது. பன்னாட்டுக் கடற்பகுதிகளின் உயிர்ப் பன்மைக்கென ஒரு தனி உடன்படிக்கை 2023இல்தான் ஏற்கப்பட்டது. 2024 செப்டம்பரில் இந்தியாவும் அதில் கையொப்பமிட்டது.

தமிழில் இதைப் பற்றி எழுதப்படும்போது வேறு இரண்டு சொற்கள் வந்து அமர்கின்றன: 'புதையல்', 'சுரங்கம்'. இரண்டுமே பொருந்தாதவை. புதையல் என்பது யாரோ புதைத்து வைத்து, எடுப்பாரின்றிக் கிடப்பது. ஊற்றின் புகைபோக்கி புதைந்து கிடப்பதன்று. நின்றுகொண்டிருப்பது, வளர்ந்துகொண்டிருப்பது, குடியிருப்போர் உள்ளது. சுரங்கம் என்றதும் தரைக்குக் கீழே குடையப்பட்ட வழி மனத்தில் தோன்றுகிறது. மேலே உள்ளது மேலேயே இருக்கும் என்ற ஆறுதலும் கூடவே தோன்றுகிறது. கடலடி சல்பைடைப் பொறுத்தவரை நடப்பது வேறு. பாப்புவா நியூ கினியின் கடற்பகுதிக்கென வடிவமைக்கப்பட்ட இயந்திரங்களைப் பார்த்தாலே அது விளங்கும். ஒன்று மேடுபள்ளங்களை வெட்டிச் சமன்படுத்தும், மற்றொன்று பெருமளவில் அரைக்கும், மூன்றாவது அரைத்ததை நீருடன் உறிஞ்சிக் குழாய்க்கு அனுப்பும். இதைத் தமிழில் 'இடித்தள்ளுதல்' என்பதே நேர்மை. மாறாக 'ஊற்று' என்ற சொல், எவர் முதலில் இட்டாரோ, மிகச் சரியாக அமைந்துவிட்டது. ஆங்கிலத்தின் 'வென்ட்' வெறும் துளை, வெளிச்செல்லும் வழி. ஊற்று என்பதோ சுரப்பது. அதை நம்பிச் சுற்றிலும் குடிகள் உண்டு என்பது அச்சொல்லைக் கேட்கும் எவருக்கும் சொல்லாமலே தெரியும்.

பாப்புவா நியூ கினியில் அத்திட்டத்துக்கு 'சொல்வாரா 1' என்று பெயர். உள்ளூரில் வழங்கும் டோக் பிசின் மொழியில் 'சொல்வாரா' என்றால் உப்புநீர், கடல். கடலின் பெயரையே திட்டத்துக்கு இட்டு 2011இல் உரிமம் பெற்ற நிறுவனம், ஒரு டன் தாதுவையும் வணிகத்துக்கு எடுக்காமல் 2019இல் நொடித்துப் போனது. பங்குதாரராகச் சேர்ந்திருந்த அந்நாட்டு அரசு ஏறத்தாழ 12 கோடி டாலரை இழந்தது.

எதிர்வாதங்களை எளிதாகத் தள்ளிவிடுவது அறமாகாது. அவற்றுள் வலுவானது உலோகத் தேவை. மின்கம்பி, காற்றாலை, மின்வாகனம் அனைத்துக்கும் தாமிரம் வேண்டும். 2018இல் தூத்துக்குடி உருக்காலை மூடப்பட்ட பின், சுத்திகரித்த தாமிரத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா நிகர இறக்குமதி நாடாயிற்று. நிலத்துச் சுரங்கங்களும் காடுகளையும் ஊர்களையும் அழிக்கின்றன. அங்கே குடிபெயர்க்கப்படுவோர் மனிதர்கள். கடலடியில் எவரும் குடிபெயர வேண்டியதில்லை என்ற வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். கடல்முகடுகளின் எரிமலைச் செயல்பாடுள்ள மண்டலங்களில் உலகெங்கும் உள்ள சல்பைடுப் படிவின் மொத்த அளவை 2011இல் ஓர் ஆய்வு ஏறத்தாழ 60 கோடி டன் என்றும், அதிலுள்ள தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்து 3 கோடி டன் என்றும் மதிப்பிட்டது. நிலத்திலிருந்து உலகம் ஓராண்டில் எடுக்கும் தாமிரம் மட்டும் 2 கோடி டன்னுக்கு மேல். துத்தநாகம் 1 கோடி டன்னுக்கு மேல். அதாவது அம்மண்டலங்களின் ஊற்றுகள் முழுவதையும் இடித்து அரைத்தாலும் கிடைப்பது, உலகின் ஓராண்டுச் செலவைச் சுற்றிய ஒரு தொகை. நிலத்துச் சுரங்கம் ஒன்றைக்கூட அது மூட வைக்காது. செயல்பாடு நின்று வண்டலுக்கடியில் கிடக்கும் பழைய படிவுகள் கூடுதலாக இருக்கலாம். அப்படியானால் வாதத்தை அவற்றின் பெயரிலேயே வைக்க வேண்டும்; புகை கிளம்பும் ஊற்றின் படத்தைக் காட்டி வைக்கலாகாது.

இரண்டாவது எதிர்வாதம் அறிவியல் உடையில் வருவது. ஊற்றுகள் இயல்பிலேயே நிலையற்றவை, எரிமலைக் குழம்பு அவற்றை அவ்வப்போது மூடிவிடுகிறது, உயிர்கள் மீண்டும் வந்து குடியேறுகின்றன, ஆகவே இயந்திரமும் ஒரு சிறு எரிமலை போன்றதே என்பது அது. கிழக்குப் பசிபிக் முகட்டில் 1991இலும் 2005-06இலும் எரிமலைக் குழம்பு ஊற்றுக்களங்களை மூடியது உண்மை. சில ஆண்டுகளுக்குள் குழாய்ப்புழுக்கள் திரும்பியதும் உண்மை. ஆனால் அந்த முகட்டில் புவித்தட்டுகள் ஆண்டுக்கு 11 சென்டிமீட்டர் அளவில் விரைந்து விலகுகின்றன. ஊற்றுகள் நெருங்கி அமைந்துள்ளன. அடிக்கடி அழிவதும் மீள்வதும் அங்குள்ள உயிர்களின் பழக்கம். தென்மேற்கு இந்திய முகடு விலகுவது ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. மெல்ல விலகும் முகடுகளில் ஊற்றுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்து, நெடுங்காலம் நிலைக்கின்றன. அட்லாண்டிக்கிலுள்ள டேக் என்னும் மேடு விட்டுவிட்டேனும் 50,000 ஆண்டுகளாகச் செயல்பட்டு வருகிறது. நீண்டகாலம் நிலைப்பதால்தான் அங்கே தாதுவும் பெருகுகிறது. சுரங்கத்துக்கு ஏற்ற இடமாக அதை ஆக்கும் அதே காரணம், மீள்குடியேற்றத்துக்கு ஏற்காத இடமாகவும் அதை ஆக்குகிறது. பசிபிக்கின் மீட்சியை இந்தியப் பெருங்கடலுக்கு எடுத்துக்காட்டாக்குவது, வயலில் அறுத்த நெல் மறுபோகம் விளைவதைக் காட்டி ஆலமரத்தை வெட்டச் சொல்வதற்கு ஒப்பாகும்.

செயல்படும் ஊற்றுகளை விட்டுவிட்டு, அணைந்தவற்றை மட்டும் எடுக்கலாம் என்ற நடுவழியை அறிவியலாளர்கள் சிலரும் முன்வைக்கின்றனர். முற்றிலும் தடைசெய்வதைவிட இது நடைமுறைக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை. சிக்கல் 'அணைந்தது' என்ற சொல்லில் இருக்கிறது. விட்டுவிட்டுச் செயல்படும் ஊற்று இன்று ஓய்ந்திருப்பதாலேயே அணைந்ததாகிவிடாது. அணைந்தவற்றின் மீது வாழும் உயிர்களைப் பற்றிய ஆய்வோ செயல்படுபவற்றைப் பற்றியதைவிட மிகக் குறைவு. அருகருகே நிற்கும் இரண்டில் ஒன்றை அரைக்கும்போது எழும் துகள்மேகம் மற்றதன் மீது படியாது என்ற உறுதியும் இல்லை.

இந்தியா 2016 செப்டம்பரில் பன்னாட்டுக் கடலடி ஆணையத்துடன் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. மத்திய இந்திய முகட்டிலும் தென்மேற்கு இந்திய முகட்டிலுமாக 10,000 சதுர கிலோமீட்டர். 2025 செப்டம்பரில் கார்ல்ஸ்பர்க் முகட்டில் மேலும் 10,000 சதுர கிலோமீட்டருக்கு இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சீனா, தென்கொரியா, ஜெர்மனி ஆகியவையும் இதே கடலில் சல்பைடு ஒப்பந்தம் உடையவை. பிற நாடுகள் களத்தில் இருக்கையில் இந்தியா ஒதுங்கினால் பேசும் உரிமையையும் இழக்கும் என்பது ஏற்கத்தக்க வாதமே. 2024 டிசம்பரின் படமும் இந்த ஒப்பந்தத்தின் வழியே வந்ததுதான். ஒப்பந்தங்களைத் துறக்க வேண்டும் என்று கோர வேண்டியதில்லை. இவை ஆய்வுக்கான ஒப்பந்தங்கள். எடுப்பதற்கான விதித்தொகுப்பு இன்னும் ஏற்கப்படவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இடைநிறுத்தம் கோரி நிற்கின்றன. அவற்றுள் இந்தியா இல்லை. கனடா தன் எல்லைக்குட்பட்ட எண்டெவர் ஊற்றுகளை 2003லேயே பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்துவிட்டது. அத்தகைய அறிவிப்பைச் செய்ய ஒரு நாடு தன் எல்லைக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தன் ஒப்பந்தப் பகுதியில் செயல்படும் ஊற்று எதையும் தொடுவதில்லை என்று ஒப்பந்ததாரர் தாமே அறிவிப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.

அதற்கும் முன்னதாகத் தேவைப்படுவது வகைப்பாட்டியலாளர்கள். 2021இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஆழ்கடல் திட்டத்தின் மதிப்பீடு ஐந்தாண்டுக்கு 4,077 கோடி ரூபாய். மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் 'மத்ஸ்யா 6000' கலமும் அதன் பகுதி. உயிர்ப் பன்மை ஆய்வும் அத்திட்டத்தின் ஒரு கூறாகவே எழுதப்பட்டுள்ளது. எழுத்தில் உள்ளது கப்பலிலும் இருக்க வேண்டும். 1977இல் உயிரியலாளர் இல்லாமல் கப்பல் சென்றதற்கு மன்னிப்பு உண்டு, அங்கே உயிர் இருப்பது எவருக்கும் தெரியாது. இன்று அந்தச் சாக்கு இல்லை. மெல்லுடலிகளையும் இறால்களையும் புழுக்களையும் இனம்பிரித்துப் பெயரிடுவது மெதுவான, புகழ் குறைந்த, பதவி உயர்வுக்குப் பெரிதும் உதவாத வேலை. பல்கலைக்கழகங்களின் விலங்கியல் துறைகளில் வகைப்பாட்டியல் ஒதுக்கப்பட்டு வருவதை அங்கே பயிலும் மாணவர்கள் அறிவர். ஒரு நத்தைக்கு 14 ஆண்டுகள் பிடித்தன. இந்திய ஒப்பந்தப் பகுதிகளில் இன்னும் பெயரிடப்படாதவற்றுக்கு எத்தனை ஆண்டுகள் பிடிக்கும் என்பது, இப்போது எத்தனை பேர் அப்பணியில் அமர்த்தப்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

முதல் ஒப்பந்தம் 2031 செப்டம்பரில் முடிகிறது. ஐந்தாண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க விதிகள் இடமளிக்கின்றன. எத்தனை டன், எவ்வளவு செறிவு என்ற அட்டவணைகள் அந்த விண்ணப்பத்தில் தவறாமல் இருக்கும். ஒவ்வொரு ஊற்றிலும் வாழும் இனங்களின் பெயர்ப்பட்டியல், எவரும் படிக்கக்கூடியதாக, அதற்கு முன்பே வெளியாகியிருக்க வேண்டும்.